எடை குறைக்கும்போது பசியை எப்படிப் படிப்பது?

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 160 செ.மீ. நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. நான்கு மாதங்களில் 78 கிலோவிலிருந்து 72-க்கு வந்திருக்கிறேன். "பசித்தால் சாப்பிடு, போதும் என்று தோன்றியதும் நிறுத்து" என்கிறார்கள். எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்பதே தெரிவதில்லை. காலையில் பசியே இருக்காது; ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். மதியம் ஒரு கிண்ணம் காய்கறி சாலட். மாலைவரை எப்படியோ ஓட்டிவிடுவேன். இரவு ஒன்பது மணிக்குக் கபகபவென்று பசிக்கும். வயிறு இறுகும்வரை சாப்பிட்ட பிறகும் இனிப்பு தேடுகிறேன். சில நாள் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு இரைகிறது, அதுவும் பசியா? கைபேசிச் செயலியில் 1,200 கலோரி என்று வைத்திருக்கிறேன். தினமும் இரவில் அதைத் தாண்டிவிடுகிறேன். செயலியை நம்புவதா, வயிற்றை நம்புவதா?

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள எண்களிலிருந்தே தொடங்குகிறேன். பாதி விடை அங்கேயே இருக்கிறது.

நான்கு மாதத்தில் 6 கிலோ என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய 350 கிராம். ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்ற தோராயக் கணக்கில், உடலுக்கு வேண்டியதைவிட நாளொன்றுக்கு 380 கலோரி போலக் குறைவாகச் சாப்பிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் வயது, உயரம், எடை, வேலை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் தேவை 1,900-ஐ ஒட்டி இருக்கும். ஆக, நீங்கள் உண்மையில் சாப்பிடுவது சுமார் 1,500. எடை இறங்கியது அந்த 1,500-இல்தான். நீங்கள் வருத்தத்தோடு எழுதியிருக்கும் அந்த இரவுகளையும் சேர்த்துத்தான். 1,200 என்பது செயலியில் மட்டும் இருக்கும் எண். அதை இன்றே 1,500 என்று மாற்றிவிடுங்கள்.

மொத்த அளவு சரியாகத்தான் இருக்கிறது. பிசகியிருப்பது பங்கீடு. காபியும் சாலடும் சேர்ந்து பகல் முழுக்க 400, 500 கலோரியைத் தாண்டியிருக்காது. மீதி ஆயிரம் இரவில் ஒரே மூச்சில் உள்ளே போகிறது. இப்படிச் சாப்பிடும்போது பசியின் நடுநிலைகள் எதையும் நீங்கள் சந்திப்பதே இல்லை. ஒன்றும் தெரியாத நிலை, அடுத்து தாங்க முடியாத நிலை, அடுத்து வயிறு இறுகிய நிலை என்று மூன்றே மூன்றுதான். இவற்றுக்கு இடையில் இருப்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காலையில் பசி இல்லாததற்கும் இரவில் பொங்கி வருவதற்கும் உங்கள் மன உறுதி காரணமில்லை. வெளிச்சத்தையும் உணவு நேரத்தையும் கட்டுப்படுத்தி, உடலின் உள் கடிகாரத்தை மட்டும் தனியே அளந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. அதில் பசி காலை எட்டு மணியளவில் மிகக் குறைவாகவும் இரவு எட்டு மணியளவில் மிக அதிகமாகவும் இருந்தது. இதோடு இரவு ஒன்பதரைக்கு முடியும் கனமான சாப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திட உணவு வயிற்றை விட்டு இறங்க நான்கு மணி நேரம் வரை ஆகும். கொழுப்பு மிகுந்தால் இன்னும் நேரமாகும். காலையில் பசி எங்கிருந்து வரும்?

பழக்கத்துக்கும் பங்கு உண்டு. வயிற்றின் மேற்பகுதியில் பெரும்பாலும் சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன்தான் பசியைத் தூண்டுகிறது. ஜப்பானில் கொஜிமா, கங்காவா குழுவினர் இதை 1999-இல் கண்டறிந்தார்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் வேளையை ஒட்டி அது ஏறும். சாப்பிடாவிட்டாலும் சற்று நேரத்தில் தானாகத் தணியும். "பசி தப்பிப் போச்சு" என்கிறோமே, அது பெரும்பாலும் இந்த இறக்கம்தான். பசி தணிந்ததால் உடலின் தேவை தீர்ந்துவிடவில்லை. மாலைவரை நீங்கள் ஓட்டுவது இப்படி ஒவ்வொரு அலையாகத் தாண்டித்தான்.

எடை குறைப்பவர்களுக்கு எல்லோரும் சொல்லாமல் விடும் ஒரு செய்தி உண்டு. எடை குறையக் குறையப் பசி கூடும். கொழுப்புத் திசுவிலிருந்து வந்து பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, கிரெலின் கூடுகிறது. ஆஸ்திரேலியாவில் எடை குறைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்தும் இந்த மாற்றங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இறங்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் சாப்பிடும் உந்துதல் நாளுக்கு ஏறத்தாழ 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது என்று 2016-இல் அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலின் குழு கணக்கிட்டது. ஒவ்வொருவருக்கும் இதே எண் பொருந்தாது. ஆனாலும் ஆறு கிலோ இறங்கிய உங்களை எவ்வளவு பலமாக உங்கள் உடல் பின்னே இழுக்கிறது என்பது புரியும்.

அதனால் "பசித்தால் சாப்பிடு, நிறைந்தால் நிறுத்து" என்ற அறிவுரையை அப்படியே பின்பற்றச் சொல்ல எனக்கு மனமில்லை. எடை நிலையாக இருப்பவருக்கு அது சரி. எடை குறைத்துக்கொண்டிருப்பவருக்குப் பசி சற்றுக் கூடுதலாகவே சத்தம் போடும். அதை அலட்சியம் செய்யவும் கூடாது, சொன்னபடியெல்லாம் ஆடவும் கூடாது. எந்த வேளையில், எவ்வளவு பலமாக, உடலின் எந்த இடத்தில் வருகிறது என்று படிக்க வேண்டும்.

முதலில் வயிறு இரைவது. வயிறும் சிறுகுடலும் காலியாக இருக்கும்போது, மிச்சம் மீதியைத் தள்ளிச் சுத்தம் செய்ய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சுருக்க அலை ஓடும். காற்றும் நீரும் அதோடு நகரும்போது சத்தம் கேட்கிறது. சாப்பிட்ட அரை மணியில் கேட்கும் இரைச்சல் செரிமானம் நடப்பதன் சத்தம். இரைச்சலை மட்டும் வைத்துச் சாப்பிட உட்காராதீர்கள்.

உடற்பசி மெல்ல மெல்ல ஏறும். விலா எலும்புகளுக்குக் கீழே, மேல் வயிற்றில் ஒரு வெறுமை தெரியும். சாப்பாட்டு நினைப்பு வந்து வந்து போகும். கவனம் சிதறும், சிலருக்கு எரிச்சல் வரும். கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்கும். எதைக் கொடுத்தாலும் சாப்பிடலாம் என்றிருக்கும். வாய் நமநமவென்றிருப்பது வேறு. அது திடீரென்று வரும், ஒரு குறிப்பிட்ட பண்டத்தையே கேட்கும், வயிற்றில் எதுவும் தெரியாது. பெரும்பாலும் அதற்கு முன்னால் ஒரு சலிப்போ கோபமோ களைப்போ இருக்கும். இரண்டையும் பிரிக்க ஒரு கேள்வி உதவும்: "இப்போது ஒரு வேகவைத்த முட்டையும் காய்கறியும் வைத்தால் சாப்பிடுவேனா?" ஆம் என்றால் பசி.

இந்தக் கேள்வி ஓரிடத்தில் ஏமாற்றும். பசி மிதமாக இருக்கும்போதுதான் அது செல்லும். பத்து மணி நேரம் சரியாகச் சாப்பிடாதவருக்கு இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும்தான் கண்முன் நிற்கும். முட்டை வேண்டாம் என்பார். அதை வெறும் நாக்கு ஆசை என்று ஒதுக்கினால் தவறு. இரவு ஒன்பது மணிக்கு உங்களுக்கு வருவது இதுதான் என்பது என் கணிப்பு.

இனி, எண் போட்டுப் பழகுங்கள். 0 முதல் 10 வரை ஓர் அளவுகோல். 1 என்றால் கை தளர்ந்து, தலை வலித்து, எது கிடைத்தாலும் வாயில் போட்டுக்கொள்ளும் நிலை. 3 என்றால் மேல் வயிறு காலி என்று தெளிவாகத் தெரிகிறது, ஆனாலும் வேலை ஓடுகிறது, அரை மணி நேரம் பொறுக்க முடியும். 5-இல் பசியும் இல்லை, நிறைவும் இல்லை. 6-இல் பசி அடங்கிவிட்டது, இன்னும் சாப்பிட இடம் இருக்கிறது, எழுந்து வேகமாக நடந்தாலும் வயிறு கனக்காது. 7-இல் வயிறு என்று ஒன்று இருப்பது தெரியும். 8-இல் இடுப்பில் உடை இறுகும். 10-இல் குமட்டல். என் வர்ணனை உங்களுக்குப் பொருந்தாவிட்டால் உங்கள் உடலில் தெரிவதை வைத்து மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். தொடங்க வேண்டிய இடம் 3, நிறுத்த வேண்டிய இடம் 6.

ஒரு தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: சாப்பிட்ட நேரம், தொடங்கும்போது எண், முடிக்கும்போது எண், முடித்து 20 நிமிடம் கழித்து எண், அடுத்து 3-க்கு வர எத்தனை மணி நேரம். கலோரி எழுத வேண்டாம், என்ன சாப்பிட்டீர்கள் என்பதைக்கூட இரண்டே சொல்லில் எழுதினால் போதும். ஏழு நாள் எழுதினால் உங்கள் உடலின் போக்கு கண்ணுக்குத் தெரியும்.

அதைப் படிக்கும் விதம் இது. சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி 3 வந்தால் அந்த வேளை போதவில்லை. பெரும்பாலும் புரதம் குறைந்திருக்கும், அல்லது உணவு குடிக்கும் வகையாக இருந்திருக்கும். மூன்று, நான்கு மணி நேரம் தாங்கினால் அளவு சரி. ஆறு மணி நேரம் ஆகியும் எண் 5-க்குக் கீழே வரவில்லை என்றால் கூடிவிட்டது. தொடங்கும் எண் அடிக்கடி 1 அல்லது 2 ஆக இருந்தால், முந்தைய வேளை சிறியது அல்லது நெடுந்தொலைவில் இருக்கிறது. முடிக்கும் எண் 6 ஆகவும் 20 நிமிடம் கழித்து 8 ஆகவும் இருந்தால் வேகமாகச் சாப்பிடுகிறீர்கள்.

அந்த நான்காவது கட்டத்தைத் தவறவிடாதீர்கள். "போதும்" என்ற செய்தி ஒரே நேரத்தில் வருவதில்லை. வயிறு விரிவதை வேகஸ் நரம்பு சில நிமிடங்களிலேயே மூளைக்குச் சொல்லிவிடும். புரதமும் கொழுப்பும் சிறுகுடலின் தொடக்கத்தைத் தொட்ட பிறகுதான் கோலிசிஸ்டோகைனின் என்ற நிறைவு ஹார்மோன் சுரக்கும். குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து அதிகமாக வரும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் ஆகிய நிறைவு ஹார்மோன்கள் இன்னும் சற்றுப் பின்னால். எல்லாம் சேர்ந்து தெளிவான நிறைவாக உணர 15, 20 நிமிடம் பிடிக்கும். எட்டு நிமிடத்தில் தட்டைக் காலி செய்பவருக்கு அந்தச் செய்தி வரும்போது சாப்பாடு முடிந்திருக்கும். நிறைவு வரட்டும் என்று காத்திருந்து நிறுத்தினால் எப்போதுமே தாமதம்தான். பசி அடங்கிய இடத்தில் நிறுத்துங்கள்; நிறைவு பின்னால் வந்து சேரும்.

செய்முறை சொல்கிறேன். உங்கள் அளவைத் தட்டில் எடுத்துவைத்துவிட்டுப் பாத்திரத்தை அந்த இடத்திலிருந்து அகற்றிவிடுங்கள். முக்கால் தட்டு முடிந்ததும் நிறுத்தி, தண்ணீர் குடித்து, மூன்று நிமிடம் சும்மா இருங்கள். எண் போடுங்கள். 5 அல்லது அதற்குக் கீழே என்றால் மீதியையும் சாப்பிடுங்கள். 6 என்றால் எடுத்து மூடிவைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்தில் பசித்தால் அதையே சாப்பிடலாம் என்று உங்களுக்கே அனுமதி கொடுங்கள். இந்த அனுமதி சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் பலர் தட்டைக் காலி செய்வது "அடுத்து எப்போது கிடைக்குமோ" என்ற பயத்தில்தான். கைபேசி, தொலைக்காட்சி வேண்டாம். வாயில் என்ன நடக்கிறது என்பதே தெரியாதபோது எண்ணை எங்கிருந்து போடுவது?

ருசியும் ஒரு குறிப்புத் தரும். முதல் சில வாய்களில் இருக்கும் சுவை போகப் போக மங்கும். "பரவாயில்லை" என்ற அளவுக்கு இறங்கும்போது 6-ஐ நெருங்கிவிட்டீர்கள். இதே குணம்தான் சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு தேடவும் வைக்கிறது. சாப்பிட்ட சுவையில் மட்டுமே சலிப்பு வரும். புதிய சுவைக்கு ஆசை அப்படியே இருக்கும். வயிறு இறுகிய பிறகும் இனிப்பு உள்ளே போவது இதனால்தான், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஒரு பழமோ, ஒரு சிறு துண்டு இனிப்போ வேண்டுமென்றால் அதைத் தொடக்கத்திலேயே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். அந்த வேளையின் ஒரு பகுதியாக அது இருக்கட்டும். முற்றிலும் தடை போட்டால் இரவு பத்து மணிக்கு முழுப் பெட்டியையும் திறக்கும் நிலை வரும்.

பகலில் பட்டினியும் இரவில் அளவு தெரியாமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வில், 36 ஆண்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் உணவைப் பாதிபோலக் குறைத்தார்கள். அவர்கள் பேச்சும் நினைப்பும் உணவாகவே மாறின. பிறகு வேண்டிய அளவு உணவு கிடைத்தபோது, சிலருக்கு வயிறு கொள்ளாத அளவு சாப்பிட்டும் பசி அடங்கவில்லை. உங்கள் நிலை அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் நெடுநேரம் பசித்திருந்தவருக்கு நிறைவின் செய்தி மங்கும் என்பது அங்கே பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

எனவே இரவைச் சரிசெய்ய இரவில் கை வைக்காதீர்கள். காலையிலிருந்து தொடங்குங்கள். 1,500-ஐ இப்படிப் பிரியுங்கள்: காலை 350 முதல் 400, மதியம் 450, மாலை 150 முதல் 200, இரவு 450. காலை உணவு எல்லோருக்கும் கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன். காலையில் சாப்பிடாமல் நலமாக, இரவில் அளவோடு இருப்பவர்கள் உண்டு. உங்களுக்கு இரவு தடுமாறுவதால் வேண்டும். எழுந்து இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். முதல் வாரம் பசி இல்லாமலே சாப்பிட வேண்டியிருக்கும். பாதி அளவில் தொடங்கலாம். இரவுச் சாப்பாடு இலகுவானதும் காலைப் பசி தானாக வரும்.

ஒவ்வொரு பெரிய வேளையிலும் 25 கிராம் புரதம் இருக்கட்டும். ஒரு முட்டையில் 6 கிராம், 250 மி.லி. பாலில் 8 கிராம், வேகவைத்த பருப்போ பயறோ ஒரு கப்பில் வகையைப் பொறுத்து 11 முதல் 18 கிராம், சமைத்த கோழி இறைச்சி 100 கிராமில் 30 கிராம் போல. உங்கள் மதிய சாலடில் இருக்கும் புரதம் மூன்று, நான்கு கிராம்தான் இருக்கும். வயிறு விரியும், அதனால் அப்போதைக்கு நிறைந்ததுபோலத் தோன்றும், ஆனால் குடலிலிருந்து வர வேண்டிய செய்திகள் வலுவாக வராது. அதே சாலடில் ஒரு கப் வேகவைத்த பயறும் இரண்டு முட்டையும் சேர்த்தால் மாலை நான்கு மணியே வேறு மாதிரி இருக்கும். சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் புரதத்தை மருத்துவரிடம் கேட்காமல் கூட்டக் கூடாது.

நார்ச்சத்து நாளுக்கு 25 கிராமாவது வேண்டும். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பி, அந்த உப்பலை நிறைவு என்று தவறாகப் படிப்பீர்கள். வாரத்துக்கு ஐந்து கிராம் வீதம் ஏற்றுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். மாவுச்சத்தை முழுக்க வெட்ட வேண்டியதில்லை. சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995-இல் 38 உணவுகளைச் சம கலோரியில் கொடுத்து ஒப்பிட்டபோது, நிறைவில் முதலிடம் பிடித்தது வேகவைத்த உருளைக்கிழங்கு. கடைசி இடம் வெண்ணெய் நிறைந்த குரோசான் ரொட்டிக்கு. தண்ணீர் நிறைந்த, மெல்ல வேண்டிய, பதப்படுத்தாத உணவு பொதுவாகப் பசியை அடக்கும். அதிகம் பதப்படுத்திய உணவைத் தாராளமாக வைத்தபோது மக்கள் நாளுக்கு 500 கலோரி போல அதிகம் சாப்பிட்டதையும், வேகமாகச் சாப்பிட்டதையும் கெவின் ஹால் குழுவின் 2019 ஆய்வு காட்டியது. அத்தகைய உணவில் உங்கள் எண்களும் பிசகும்.

தூக்கத்தையும் தாளில் ஒரு மூலையில் குறித்துவையுங்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில் (2004) இளைஞர்கள் இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கியதில் லெப்டின் 18 சதவீதம் இறங்கி, கிரெலின் 28 சதவீதம் ஏறியது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் பசி கூடுவது இயல்பு. அந்த நாட்களில் 100, 150 கலோரி கூட்டிக்கொள்வதால் எதுவும் கெட்டுவிடாது.

செயலியா வயிறா என்று கேட்டிருந்தீர்கள். செயலியை அளவின் வெளி எல்லைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வயிற்றை நேரத்துக்கும் நிறுத்துவதற்கும். இரண்டும் மோதினால், தாளைப் பாருங்கள். தொடங்கும் எண் 3 என்றால் 1,500-க்குள் சமாளிக்கலாம். வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் 2-க்குக் கீழே வந்தால் பற்றாக்குறை உங்களுக்கு அதிகம். 150 கலோரி புரதமாகவோ காய்கறி, பயறாகவோ கூட்டுங்கள். எடை சற்று மெதுவாக இறங்கும். சாப்பாட்டுக்கு முன் வரும் மிதமான பசியைக் கண்டு மட்டும் பயப்படாதீர்கள். எடை குறையும் காலத்தில் அது இருந்தே தீரும்.

சிலர் இந்த அளவுகோலை மட்டும் நம்பக் கூடாது. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குக் கை நடுக்கம், வியர்வை, படபடப்போடு வரும் பசி சர்க்கரை இறங்கியதன் அடையாளம். உடனே அளந்து, 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். அளக்கும் கருவி கையில் இல்லையென்றாலும் குளுக்கோஸ் எடுத்துவிட வேண்டும். ஸ்டீராய்டு, ஒலான்சபின், மிர்டாசபின் போன்ற மருந்துகள் பசியைக் கூட்டும். தாமாக நிறுத்திவிடாமல் எழுதித் தந்த மருத்துவரிடம் பேசுங்கள். தாகமும் அடிக்கடி சிறுநீரும் சேர்ந்த பசி, அல்லது நிறையச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போவது, படபடப்பு இருந்தால் சர்க்கரை, தைராய்டு சோதனை வேண்டும். கர்ப்பிணிகளும், முன்பு உணவுக் கோளாறு இருந்தவர்களும் தனி ஆலோசனை இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இரவில் சாப்பிடும்போது "நிறுத்தவே முடியவில்லை, கை என் பேச்சைக் கேட்கவில்லை" என்ற உணர்வு வருகிறதா? வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக அப்படி நடந்து, பிறகு மிகுந்த வேதனையும் தருகிறது என்றால் அது சிகிச்சை உள்ள ஒரு நோய். மனநல மருத்துவரையோ அதில் பயிற்சி பெற்ற உளவியலாளரையோ பாருங்கள். எடை குறைப்பதைத் தற்காலிகமாக நிறுத்திவையுங்கள்.

அப்படி இல்லையென்றால், மேலே சொன்ன பங்கீட்டை இரண்டு வாரம் செய்து பாருங்கள். அந்த இரண்டு வாரமும் எடை பார்க்க வேண்டாம். நார்ச்சத்தும் தண்ணீரும் கூடுவதால் தராசு அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறிக் காட்டலாம். அது கொழுப்பு இல்லை. பார்க்க வேண்டியது இரவுச் சாப்பாட்டின் தொடங்கும் எண்ணை. 1-இல் இருப்பது 3-க்கு நகர்ந்திருந்தால் பங்கீடு வேலை செய்கிறது. நகரவில்லையென்றால் மாலைச் சிற்றுணவை 250-க்கு உயர்த்தி, இரவில் அந்தப் பங்கைக் குறைத்து, இன்னொரு வாரம் பாருங்கள்.